நம்ம ஊரு ஜட்ஜ்

"கையெழுத்துப் போடுறியா, இல்ல கையை முறிக்கட்டுமா?"

மாமா பேனாவை நீட்டினார். மாப்ளை வாங்கவில்லை. ஐஸ் வாளிக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

மாப்ளை வேறு யாருமில்லை, மாமாவின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. மாமாதான் அவனுக்குக் கோச். டயர் கடைக்குப் பின்னால் இருக்கிற அந்தக் குத்துச்சண்டைக் கூடத்தில் மாமா வைத்ததுதான் சட்டம்.

முந்தின நாள் பத்து ரவுண்டு சண்டை. ஜெயித்திருந்தால் அடுத்தது சாம்பியனோடு. ஜெயிக்கவில்லை. ஒரு ஜட்ஜ் இவனுக்குப் போட்டார், இன்னொருவர் எதிராளிக்கு. மூன்றாவது ஜட்ஜ் ஒரே ஒரு புள்ளியில் எதிராளிக்குப் போட்டுவிட்டார்.

அவர் வெளியூர்க்காரர் என்றால்கூட மாமாவுக்கு மனசு ஆறியிருக்கும். உள்ளூர்! பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர்.

"ஊருக்கே கண்ணாடி மாட்டி விடுறான். அவன் கண்ணு மட்டும் அவிஞ்சு போச்சா?" மாமா உறுமினார். "எவன்கிட்ட விலை போனானோ, துரோகி!"

"ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா," என்றான் மூலையில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தவன். "ஒரே ஒரு கல்லு போதும். கடை முழுக்கக் கண்ணாடிதான்."

"கல்லெல்லாம் அப்புறம். முதல்ல புகார்."

"விடுங்க மாமா," என்றான் மாப்ளை. "தோத்தாச்சு."

"தோக்கலைடா, தோக்கடிச்சாங்க! ஒம்பது ரவுண்டு சமமா வந்துச்சு. கடைசி ரவுண்டைத் தூக்கி அந்த வெளியூர்க்காரனுக்குத் தாரை வார்த்துட்டான். சங்கத்துல புகார் குடுத்தா அந்தாளோட ஜட்ஜ் அட்டையைப் பிடுங்கிடுவாங்க, சண்டையை மறுபடியும் வைப்பாங்க. இன்னிக்குச் சாயங்காலத்தோட கெடு முடியுது. சொரணை இருக்கா உனக்கு?"

"அவர் சரியாத்தான் போட்டிருக்கார்."

கயிறு நின்றது.

"கேட்டியாடி உன் தம்பி பேச்சை?" மாமா, சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்ற மனைவி பக்கம் திரும்பினார். "குத்து வாங்கி வாங்கி மூளை கலங்கிருச்சு இவனுக்கு!"

அக்காவுக்கும் பொறுக்கவில்லை. "ஏன்டா, உனக்காக இந்த மனுஷன் நேத்துலருந்து பச்சைத் தண்ணி பல்லுல படாம அலையுறாரு. ஒரு கையெழுத்துப் போட்டா குறைஞ்சா போயிருவே?"

"ஒரு நல்ல மனுஷன் பேரு கெட்டுப் போகும்க்கா."

"நல்ல மனுஷனா?" மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இரு. டிவிக்காரன் முழுப் பதிவும் குடுத்திருக்கான். புகாரோட வைக்கணும். இப்பவே போடறேன். யாரு நல்ல மனுஷன்னு எல்லாரும் பார்க்கட்டும்!"

சுவரில் இருந்த டிவியில் பென்டிரைவைச் செருகினார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் வந்து கூடிவிட்டார்கள்.

மாப்ளை சட்டென்று எழுந்தான். "போடாதீங்க மாமா. நான் நேத்து ராத்திரியே அதைப் போட்டுப் பார்த்துட்டேன்."

"ஏன், பயமா?"

"சரி, போடுங்க. ஆனா சத்தம் வேணாம்." ஈரக்கையோடு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அமுக்கினான்.

மாமா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "சத்தத்தோடதான் போடுவேன்! ஊரே தொண்டை கிழியக் கத்துச்சே, அது அந்தாளு காதுல மட்டும் எப்படி விழாம போச்சுன்னு கேக்கணும் எனக்கு!"

சத்தத்தை முழுசாக ஏற்றினார். கூடம் அதிர்ந்தது.

மாப்ளை குத்தும்போதெல்லாம் "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று மாமா குதித்தார். அவன் வாங்கும்போது மட்டும் தண்ணீர் குடித்தார். எட்டாவது ரவுண்டு போனது. ஒன்பதாவதும் போனது.

மணி அடித்தது. திரையில் மாப்ளை மூலைக்கு வந்து ஸ்டூலில் விழுந்தான். மாமா அவன் தலையில் தண்ணீர் ஊற்றினார். டிவிக்காரன் ஒருவன் நீளக் கம்பியில் மைக்கைக் கட்டி அவர்கள் தலைக்கு மேலே நீட்டியிருந்தான். அந்த வேகத்தில் மாமா அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை.

கூட்டத்தின் கூச்சலையும் மீறி மாமாவின் குரல் கணீரென்று கேட்டது.

"ஜெயிச்சாச்சு மாப்ளே! இனி ஒரு குத்துகூட நீ விட வேணாம். அவன் கைக்குச் சிக்காம ஓடிக்கிட்டே இரு, போதும்."

"இல்ல மாமா, சமமாத்தான் போகுது. இந்த ரவுண்டு நான் அடிச்சு ஆடுறேன்."

"சொன்னதைச் செய்யிடா! மூணாவது ஜட்ஜ் யாரு? நம்ம ஊர்க்காரன். நீ சும்மா நின்னாக்கூட உனக்குத்தான் போடுவான்!"

பத்தாவது ரவுண்டு ஆரம்பித்தது. திரையில் மாப்ளை ஓடினான். மேடைக் கயிற்றோரமாகவே ஓடிக்கொண்டிருந்தான். எதிராளி துரத்தித் துரத்திக் குத்தினான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கடைக்காரர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடத்தில் கல்லு எறியத் துடித்தவன் தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா மெல்லத் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

மாமா ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பொத்தானை அமுக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

மாப்ளை அதை மெதுவாக வாங்கிச் சத்தத்தை நிறுத்தினான்.

"இதுக்குத்தான் மாமா சத்தம் வேணாம்னேன்."