பூனையின் புலி வேஷம்

பொருட்காட்சியின் பேய் வீட்டில் பயமுறுத்தும் வேலை கேட்டு வந்த மிருகங்களுக்குக் குரங்கு வேஷப் பயிற்சி நடத்தியது.

"சாதாரண மூஞ்சிக்கு எவன் பயப்படுவான்? இப்போ பார்க்க வர்ற எலி அலறினால்தான் உனக்கு வேலை" என்று பூனையிடம் சொல்லி, அதன் முகத்தில் மஞ்சளும் கறுப்புமாகப் புலி வரைந்தது.

மங்கலான அறையில் காத்திருந்த பூனை, வழக்கம்போலப் பாதத்தை நக்கி நக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டது. சாயம் முழுக்கப் போய்விட்டது.

பக்கத்து அறையில் எலும்புக்கூட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்த எலி, கதவைத் திறந்ததும் "ஐயோ அம்மா!" என்று அலறி ஓடியது.

பூனை துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. "குருவே, என்ன வேஷம் போட்டீங்க! பார்த்ததுமே ஓடிட்டான்!"

குரங்கு அந்தப் பளிச்சென்ற பூனை முகத்தைப் பார்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டது.

"பின்னே? நம்ம கைவண்ணம் அப்படி. நாளைக்கு வா, சிங்கம் போட்டுடலாம்."