மூலை மேசை

ஹியூபேட்டுக்கு அங்கே போக மனமேயில்லை. கடையும் ஹோட்டலுமாகப் புதுப்பித்த அந்தப் பழைய கட்டடத்தில் ஒரு தேத்தண்ணிக்கே அநியாய விலை. ஆனாலும் மனைவி ஐறீன் நல்ல சேலை உடுத்தி, கொட்டாஞ்சேனையிலிருந்து அவரை இழுத்து வந்து, கடைசி அறையின் மூலை மேசையைக் கேட்டு வாங்கினாள்.

தேத்தண்ணி வந்ததும் கைப்பையிலிருந்து மெழுகுதிரி எடுத்துக் கொளுத்தினாள்.

"யாருக்கு அன்ட்டி?" என்றான் வெயிட்டர்.

"மகன் கிளறன்ஸுக்கு."

அவன் சிரித்துக்கொண்டே போய், கூட்டாளிகளோடு கேக் கொண்டுவந்தான். கைதட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள்.

"மகன் வரேல்லையெண்டா நீங்களே ஊதுங்கோ."

ஐறீன் சுடரை உள்ளங்கைகளால் மறைத்துக்கொண்டாள்.

"ஊதவேண்டாம் தம்பி," என்றார் ஹியூபேட். "இண்டைக்குக் கல்லறைத் திருநாள். எல்லாரும் கல்லறையில கொளுத்துவினம். எங்கட பிள்ளைக்குக் கல்லறை இல்லை. இந்தக் கட்டடம் தடுப்பு முகாமா இருந்தபோது, அவனைக் கடைசியாக் கண்டது இந்த மூலையிலதான்."