பட்டம் பிடிக்க ஓர் ஆள்

“பட்டத்தைப் பிடிச்சுக்க உங்களுக்கு ஆள் இருக்கா?”

கேட்டவள் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். கடைக்கு மேலேயே வீடு. கூடத்துச் சுவரில் ஆளுயரத்துக்கும் மேலாகச் சாய்ந்து நின்றது ஒரு பழைய சர்ஃப் பலகை. பக்கத்தில் தூசி படிந்த பெரிய பை. அதற்குள் பட்டம். பிள்ளைகள் மொட்டை மாடியில் விடுகிற பட்டமல்ல. பலகைமேல் நிற்கும் ஆளையே கடலில் இழுத்துக்கொண்டு போகிற பட்டம்.

“ஆளா? எதுக்கு?” என்றான் லிஃப்ட் மெக்கானிக்.

“கயித்தோட ஒரு முனையில நீங்க நிப்பீங்க. இன்னொரு முனையில பட்டம் இருக்கும். அதைத் தூக்கிப் பிடிச்சு, நீங்க சைகை காட்டினதும் விடறதுக்கு ஒருத்தர் வேணும். திரும்பி வரும்போது பிடிச்சு இறக்கவும் வேணும். தனியா ஏத்திப் பாக்கலாம்னு கிளம்பினீங்க, உங்களை மண்ணுல தேச்சு எடுத்துடும். ஆள் இல்லாதவங்களுக்கு நான் விக்கறதில்ல.”

“இருக்காங்க. என் ஒய்ஃப் வருவாங்க.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. நாற்பது தாண்டியும் கல்யாணம் என்ற பேச்சே எடுக்க ஆளில்லாதவன் அவன். நாள் முழுக்க லிஃப்ட்டுகளோடு மல்லுக்கட்டுவான். கூட ஏறுகிறவர்கள் மாடி எண்ணைப் பார்ப்பார்கள்; அவனைப் பார்க்க மாட்டார்கள். உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறையின் ஜன்னல் வழியாகத்தான் அவன் முதன்முதலில் அதைப் பார்த்தான்: தூரத்துக் கடலில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் வழுக்கிப் போகும் மனிதர்கள். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை. ஒருநாள் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய்ப் புதுச் சாமான்களின் விலையைக் கேட்டுவிட்டு, கேட்ட வேகத்திலேயே வெளியே வந்தான். அப்புறம்தான் போனில் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது: ‘என் கணவருடைய பலகையும் பட்டமும். பழையவை. மலிவு.’

“ஆரம்பிக்கறவங்களுக்குப் புதுசு எதுக்குன்னு அவர் சொல்லுவார்,” என்றாள் அவள், பையைத் திறந்தபடி. “பலகை பழசா இருந்தா என்ன? இந்த மாதிரிப் பெரிய பலகை, காத்து கம்மியா இருந்தாலும் மிதக்கும். பட்டத்துல ஒட்டுப் போட்டிருந்தாலும் பரவாயில்ல. ஆனா இடுப்புப் பட்டையும், ஆபத்துன்னா பட்டத்தைக் கழட்டி விடற இந்தச் சிவப்புப் பிடியும் மட்டும் புதுசா வாங்கிடுங்க. அதுல கஞ்சத்தனம் கூடாது. பயிற்சிக்கு நாலு பேரோட சேர்ந்து போனா செலவு பாதியாயிடும்.”

“சார் வீட்டுல இல்லையா?”

“இல்ல,” என்றாள். சட்டென்று குனிந்து பட்டத்தின் மடிப்புகளை நீவ ஆரம்பித்தாள்.

பையிலிருந்த தூசியைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. மேற்கொண்டு கேட்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை காலையில கடற்கரைக்கு வாங்க. உங்க வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க. எப்படிப் பிடிக்கணும்னு அவங்களுக்குக் காட்டிட்டுக் கொடுத்துடறேன்.”

அந்த வாரம் முழுக்க அவன் போனில் பெயர்களைத் தள்ளிப் பார்த்தான். யாரையாவது கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போகலாமென்று எண்ணம். இருந்தவை எல்லாம் கட்டடங்களின் பெயர்கள். சூப்பர்வைசர் மட்டும்தான் மனிதப் பெயரில் இருந்தார். அவரிடம் விடுமுறை கேட்கவே அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகத்தான் போனான். அவள் முன்னாலேயே வந்து, பட்டத்தின் விளிம்புக் குழாய்க்குக் காற்றடித்து, பறந்துவிடாமல் மேலே மணலைக் குவித்து வைத்திருந்தாள். கடற்கரையில் வேறு ஈ காக்கை இல்லை.

“எங்க, அவங்க வரலையா?”

“காய்ச்சல்.” பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த சொல்.

“அடடா! காய்ச்சல்ல தனியா படுத்திருக்கறது எவ்வளவு கஷ்டம்! ஒரு டம்ளர் வெந்நீர் கொடுக்கக்கூட ஆள் இருக்காதே. முதல்ல வீட்டுக்குப் போங்க. பலகை எங்கயும் ஓடிடாது.”

போன மாதம் அவனுக்கே காய்ச்சல் வந்தபோது, அப்படித்தான் கிடந்தான். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மணலைப் பார்த்தபடி சொன்னான்:

“காய்ச்சலும் இல்ல, ஒய்ஃபும் இல்ல மேடம். எனக்குக் கல்யாணமே ஆகல. கூப்பிட்டா வர்றதுக்கு ஒருத்தர்கூடக் கிடையாது. எங்க விக்க மாட்டீங்களோன்னு பொய் சொல்லிட்டேன். அதுவும் கட்டினவரைப் பறிகொடுத்துட்டு நிக்கற உங்ககிட்ட. மன்னிச்சிடுங்க.”

அவன் திரும்பி நடந்தான்.

“கொஞ்சம் நில்லுங்க.”

திரும்பிப் பார்த்தான். இடுப்புப் பட்டையைத் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டிருந்தாள். விரல்கள், பார்க்காமலேயே பூட்டை இறுக்கின.

“நான் யாரையும் பறிகொடுக்கல. தனியா இருக்கற பொம்பளை வீட்டுக்கு முன்பின் தெரியாதவங்க வருவாங்களேன்னு விளம்பரத்துல ஒரு வீட்டுக்காரரைச் சேர்த்துக்கிட்டேன்,” என்றாள். “பலகை என்னோடது, பட்டம் பிடிக்க ஒரு ஆள் இல்லாமத்தான் விக்கறேன்.”