வயலில் நின்றவர்

"எங்க வீட்டுக்காரர் செத்த பிறகுதான் சார் பொறுப்பானார். மழையோ வெயிலோ, வயலை விட்டு ஒரு அடி நகர்றதில்லை," என்றாள் அந்தப் பெண்.

விவசாய மானியம் வாங்கியவர்களின் பெயர்களை ஊரறிய வாசிக்கும் கூட்டத்தில் எல்லோரும் கூரை பறக்கச் சிரித்தார்கள். வேளாண் அதிகாரி மட்டும் சீறினார்.

"செத்தவர் வயல்ல நிப்பாராம்மா? யார்கிட்ட கதை விடற?"

"இருந்தப்போ மானியத்துக்கு அலைஞ்சே உயிரை விட்டார். இப்போ அவர் கணக்குக்குத் தவறாம வருது. என்னால எடுக்க முடியலை. என் பேருக்கு மாத்துங்கன்னா, 'விவசாயி உயிரோட இருக்கார், வயல்ல பார்த்தேன்'னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. விதை வாங்கவே வழியில்லை சார்."

தலைமை தாங்கிய மேலதிகாரி திரும்பினார். "நேர்ல பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். ஜீப்புல போறப்போ. நீலச் சட்டை போட்டுக்கிட்டு நின்னார்."

"அது அவர் சட்டைதான்," என்றாள் அவள். "குருவி விரட்டற வைக்கோல் பொம்மைக்கு நான்தான் மாட்டிவிட்டேன்."

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. வேளாண் அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா சார்," என்றார் மெதுவாக. "கையை விரிச்சுக்கிட்டு நின்னார். என்னைக் கூப்பிடறார்னு நினைச்சு, நானும் கையாட்டிட்டுப் போயிட்டேன்."