நாலு மடங்கு

நண்பகல் வெயிலில் எண்ணெய்த் தொட்டியின் உச்சியில் நிற்கும் ஆபரேட்டர், அளவு பார்க்க உள்ளே இறக்கிய டேப்பை மெல்ல இழுக்கிறார். பதினொரு வருடமாக வற்றிக்கொண்டே வந்த ஷேல் பாறை எண்ணெய்க் கிணறு, நேற்றிலிருந்து நாலு மடங்கு கக்கியிருக்கிறது. கீழே நிற்கும் தங்கை புருஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "மச்சான், இனி கிணத்தை மூட மாட்டாங்க! நம்ம வேலை தப்பிச்சுது!" என்று கத்திவிட்டு, வீட்டுக்குப் போன் போடுகிறான். அவர் டேப்பை விரலால் வழித்துப் பார்க்கிறார். எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கிறது. வேலிக்கு அப்பால், புதுக் கிணற்றுக்குப் பாறையை உடைக்க அழுத்தி ஏற்றும் தண்ணீர் இங்கே புகுந்து, இந்தக் கிணற்றை மூழ்கடித்துவிட்டது. "மச்சான், அளவு எவ்வளவுன்னு சொல்லுங்க!" போனில் தங்கை சிரிப்பது மேலே வரைக்கும் கேட்கிறது. "அவ பேசி முடிக்கட்டும் மாப்பிள்ளே," என்கிறார்.