பின்னங்கழுத்துச் சிக்கு

நாவலூரில் ஏழாவது மாடி. ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில் பால்கனிக் கதவு வழியாக டைல்ஸ் மேல் கிடக்கிறது. குளித்த ஈரத்தோடு சுவரை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருக்கிறாள் ஜெனிட்டா. இடுப்புக்குக் கீழே தொங்கும் சுருட்டை முடியை முன்னால் இழுத்துப் போட்டு, நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே வருகிறாள். பின்னங்கழுத்துச் சிக்கு மட்டும் சீப்புக்கு மசியவில்லை. கடப்பாக்கத்து வீட்டில் அது அக்காவின் வேலை. இவளை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொள்வாள். அசைந்தால், "தலய ஆட்டாதடி" என்று உச்சந்தலையில் ஒரு குட்டு. கல்யாணமாகிப் போய்விட்ட அக்காவுக்கு இப்போது போன் போடுகிறாள். "இன்னாடி? கொழந்த அழுதுகினு கீது, அப்பால பேசறேன்." "ஒண்ணுமில்லக்கா, சும்மாதான்." அதற்குள் போன் கட்டாகிவிடுகிறது. உதிர்ந்த முடிச்சுருள் ஒன்று ஃபேன் காற்றில் உருண்டு கட்டிலுக்கு அடியில் போகிறது. கத்தரிக்கோலை எடுத்துச் சிக்குக்கு அடியில் நுழைக்கிறாள். இரும்பு கழுத்தில் பட்டதும் உடம்பு சிலிர்க்கிறது. "தலய ஆட்டாதடி" என்கிறாள், அக்கா குரலில். காலி அறையில் அது சத்தமாகவே கேட்கிறது. கத்தரிக்கோலைக் கீழே வைக்கிறாள். பிறகு சுவரை விட்டுக் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, பின்னால் ஒரு ஆள் உட்கார இடம் விட்டு, தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருக்கிறாள்.