இடது சீட்டு

வசுமதியின் சின்னக் காரில் பத்து நாளாக ஒரு சத்தம். பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் எங்கோ ‘கடக் கடக்’ என்றது. மெக்கானிக் தாவீது வண்டியைத் தூக்கி நிறுத்தி ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

“ஓடும்போது கேட்டாத்தான் தெரியும் மேடம். நான் ஓட்டுறேன். நீங்க இந்தப் பக்கம் உட்கார்ந்து, கண்ணாடிய இறக்கிவிட்டுக் கேளுங்க.”

அவள் இடது சீட்டில் உட்கார்ந்தாள். பதினாறு வருடம் அவள் உட்கார்ந்து வந்த இடம். கணவர் மாசிலாமணி இறந்த பிறகுதான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அதிலிருந்து அங்கே அவளுடைய கைப்பை மட்டும்தான் இருந்தது.

வேகத்தடை வந்ததும் தாவீது, “பிடிச்சுக்கங்க” என்றார். மாசிலாமணி ஒவ்வொரு வேகத்தடைக்கும், “பிடிச்சுக்க வசு” என்பார். அவள் கதவின் மேல்பிடியைப் பற்றிக்கொண்டாள். சத்தம் அவள் காலடியிலேயே கேட்டது.

“என் பக்கம்தான்” என்றாள்.

இடது முன்சக்கரத்தின் லிங்க் ராடு தேய்ந்துபோயிருந்தது. அரை மணி நேரத்தில் தாவீது புதியதை மாட்டிவிட்டு, மறுபடி அவளை அதே சாலையில் கூட்டிப்போனார். வேகத்தடைக்கு முன்னால், “பிடிச்சுக்கங்க” என்றார். கார் ஓசையில்லாமல் ஏறி இறங்கியது.

“சரியாயிடுச்சா மேடம்?”

வசுமதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “இன்னும் லேசா கேக்குற மாதிரி இருக்கு.”

தாவீதுக்கு எதுவும் கேட்கவில்லை. அவளை ஒருமுறை பார்த்தார். மறுபடி அந்த வேகத்தடையை நோக்கி வண்டியைத் திருப்பினார்.